பத்து லாரி வாங்குவதற்கு முன்

நீங்கள் கேட்டதைச் சுருக்கிச் சொல்கிறேன். துறைமுகத்திலிருந்து 45 கி.மீ. தள்ளி உங்கள் கிடங்கு. நாளைக்கு 120 நடை அடிக்க வேண்டும். கையில் 40 டிரெய்லர் லாரி, இரண்டு ஷிஃப்டாக 16 மணி நேர வேலை. சாதாரண நாளில் ஒரு நடைக்கு ஐந்து மணி நேரம் பிடிக்கிறது. லாரிக்கு மூன்று நடை, கணக்கு சரியாக வருகிறது. ஆனாலும் வாரத்தில் இரண்டு நாளாவது ஏற்றுமதிப் பெட்டிகள் கேட் மூடும் நேரத்தை, அதாவது கப்பலுக்கான பெட்டிகளை வாங்குவதைத் துறைமுகம் நிறுத்தும் நேரத்தைத் தவறவிடுகின்றன. இன்னும் 10 லாரி வாங்குவதா, வண்டிகளைக் கண்காணிக்கும் மென்பொருளில் பணம் போடுவதா என்று கேட்கிறீர்கள். காகிதத்தில் சரியாக வரும் கணக்கு தரையில் ஏன் பொய்க்கிறது என்பதுதான் உங்கள் உண்மையான கேள்வி என்று எனக்குப் படுகிறது. அதற்குப் பதில் தெரிந்துவிட்டால் லாரியா மென்பொருளா என்பது தானாகத் தெளியும். நான் 20 ஆண்டுகளுக்கு மேல் கன்டெய்னர் லாரிகளை அனுப்பும் மேசையில் உட்கார்ந்தவன். கப்பலிலோ, துறைமுகத்தில் பெட்டிகளை ஏற்றி இறக்கும் முனையத்தின் கிரேன் பக்கத்திலோ வேலை பார்த்ததில்லை. அந்த வரம்போடு இதைப் படியுங்கள்.

முதலில் சந்தேகத்துக்கு இடமில்லாத பகுதி. 16 மணி நேரத்தில் 120 நடை என்றால் மணிக்கு ஏழரை நடை. ஒரு நடை ஐந்து மணி நேரம் என்றால் எந்த நொடியில் எண்ணினாலும் சுமார் 37 அல்லது 38 லாரி ஓட்டத்தில் இருந்தாக வேண்டும். மணிக்கு எத்தனை நடை என்பதை ஒரு நடைக்கு ஆகும் நேரத்தால் பெருக்கினால் ஓட்டத்தில் இருக்கும் எண்ணிக்கை கிடைக்கும். ஜான் லிட்டில் 1961-இல் நிரூபித்துக் காட்டிய இந்த விதி வங்கி வரிசைக்கும் பொருந்தும், லாரிக்கும் பொருந்தும். உங்களிடம் இருப்பது 40. டயர் வெடிப்பது, ஓட்டுநர் சாப்பிடுவது, டீசல் போடுவது, ஷிஃப்ட் மாறுவது எல்லாவற்றுக்கும் சேர்த்து மிச்சம் இரண்டு மூன்று லாரி. வேறு விதமாகப் பார்த்தாலும் அதே கதைதான்: ஒவ்வொரு லாரியும் 16 மணி நேரத்தில் 15 மணி நேரம் ஓட்டத்தில் இருக்கிறது. ஏறக்குறைய 94 விழுக்காடு. இப்படி இறுக்கிக் கட்டிய திட்டத்தில் ஒரு நடை ஐந்திலிருந்து ஆறு மணி நேரமானால் 45 லாரி தேவைப்படும். அந்த ஒரு மணி நேரம் எங்கிருந்தும் வரலாம். மழை பெய்தால் போதும்.

10 லாரி கூடுதலாக வாங்கினால் என்ன ஆகும்? 50 லாரி 6 மணி 40 நிமிட நடையைத் தாங்கும். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் புது லாரிகளும் அதே கேட்டுக்குத்தான் போகும், அதே கிடங்கு வாசலில்தான் நிற்கும். வரிசைகளுக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. ஒற்றை வாசலுக்கு வண்டிகள் முன்பின்னாக வருகின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த வாசல் தன் திறனில் 80 விழுக்காடு நிறைந்திருக்கும்போது, ஒரு வண்டிக்கு ஆகும் வேலை நேரத்தைப் போல சராசரியாக நான்கு மடங்கு காத்திருக்க வேண்டும். 90 விழுக்காட்டில் ஒன்பது மடங்கு. 95 விழுக்காட்டில் 19 மடங்கு. இது பாடப்புத்தக மாதிரிதான். முனையங்களில் பல வாசல்கள் உண்டு, முன்பதிவு நேரம் உண்டு, ஆகவே இந்த எண்களை அப்படியே உங்கள் கேட்டில் ஒட்டிப் பார்க்காதீர்கள். ஆனால் அந்த வளைவின் வடிவம் மாறாது. வாசல் நிறைய நிறைய, காத்திருப்பு மெல்ல ஏறுவதில்லை, செங்குத்தாக ஏறுகிறது. ஒரு நெருக்கடியில் நானே எட்டு லாரிகளை வாடகைக்கு எடுத்து இறக்கினேன். எட்டும் காலை ஒன்பது மணி வரிசையின் வாலில் போய் நின்றன. அன்று அடித்த மொத்த நடை முந்தைய நாளைவிட இரண்டுதான் அதிகம். வாடகை மட்டும் முழுசாகப் போனது.

அதனால் எதையும் வாங்குமுன் இரண்டு வாரம் நேரம் குறியுங்கள். வரிசையின் வாலில் சேர்ந்த நேரம், முனையத்துக்குள் நுழைந்த நேரம், வெளியே வந்த நேரம், கிடங்குக்குள் நுழைந்த நேரம், கிடங்கை விட்டுக் கிளம்பிய நேரம் என்று ஐந்து போதும். பெரும்பாலானவர்கள் முதல் நேரத்தை விட்டுவிடுவார்கள். முனையம் தரும் அறிக்கை கேட்டுக்குள் நுழைந்த பிறகுதான் கணக்கைத் தொடங்கும். வெளியே சாலையில் நின்ற ஒன்றரை மணி நேரம் அதில் வராது. ஓட்டுநரின் கைபேசியிலிருந்து ஒரு வரிச் செய்தி வந்தால் போதும், கருவி எதுவும் வேண்டாம். இரண்டு வாரம் முடிந்ததும் சராசரியைப் பார்க்காதீர்கள். பத்தில் ஒன்பது நடை எத்தனை மணிக்குள் முடிந்தது என்று பாருங்கள். நீங்கள் சொல்லும் ஐந்து மணி நேரம் நல்ல நாளின் எண் என்றுதான் நினைக்கிறேன். திட்டம் போட வேண்டியது அந்தப் பத்தில் ஒன்பது எண்ணை வைத்து. அது ஆறரை என்று வந்தால் லாரிக்கு மூன்று நடை என்பது முதல் நாளிலிருந்தே நடக்காத காரியம். ஓட்டுநர்களைக் குறை சொல்லவும் ஒன்றுமில்லை.

உங்கள் ஐந்து மணி நேரத்தை நான் இப்படிப் பிரித்துப் பார்க்கிறேன்: போக வரச் சாலையில் இரண்டரை மணி, முனையத்தில் ஒரு மணி, கிடங்கில் ஒன்றரை மணி. சாலையை நீங்கள் மாற்ற முடியாது. முனையம் அடுத்தவருடையது. கிடங்கு மட்டும்தான் உங்கள் கையில் இருக்கிறது, பலரும் கடைசியாகத் தொடுவதும் அதைத்தான். மால்கம் மெக்லீன் என்ற லாரி முதலாளி 1956 ஏப்ரல் 26 அன்று ‘ஐடியல் எக்ஸ்’ என்ற கப்பலில் 58 பெட்டிகளை நியூவார்க்கிலிருந்து ஹூஸ்டனுக்கு அனுப்பினார். சக்கரங்களைக் கரையிலேயே விட்டுவிட்டுச் சுமை இருக்கும் பெட்டியை மட்டும் கப்பலேற்றியதுதான் அவர் செய்த காரியம். சரக்கை இறக்கி முடிக்கும்வரை எஞ்சினும் ஓட்டுநரும் நிற்க வேண்டியதில்லை என்ற வசதியைத் தரும் பொருள் கன்டெய்னர். உங்கள் கிடங்கில் அதே பெட்டியைத் திறந்து, ஒவ்வொரு அட்டைப்பெட்டியாக இறக்கும்வரை லாரி முன்னால் நின்றுகொண்டிருக்கிறது. மெக்லீன் பார்த்தால் தலையில் அடித்துக்கொள்வார்.

மாற்று எளியது. சுமையோடு வரும் டிரெய்லரைக் கிடங்கில் கழற்றி விட்டுவிட்டு, ஏற்கெனவே வேலை முடிந்து நிற்கும் டிரெய்லரை மாட்டிக்கொண்டு லாரி கிளம்ப வேண்டும். கிடங்கில் ஒன்றரை மணி நேரம் 20 நிமிடமாகும். நடை 3 மணி 50 நிமிடமாகும். மணிக்கு ஏழரை நடைக்கு இனி 29 லாரி போதும். டிரெய்லர்கள் கூடும்: ஒவ்வொன்றும் சராசரியாக மூன்று மணி நேரம் கிடங்கில் நிற்கும் என்றால் அங்கே 23, ஓட்டத்தில் 29, மொத்தம் 52. இப்போது இருக்கும் 40-க்கு மேல் 12 டிரெய்லர். எஞ்சினும் ஓட்டுநரும் இல்லாத 12 டிரெய்லரா, இரண்டும் உள்ள 10 லாரியா என்று உங்கள் கணக்காளரிடம் கேளுங்கள். மூன்று நிபந்தனைகள் இருக்கின்றன. உங்கள் வண்டிகள் முன்பகுதி தனியே கழலும் வகையாக இருக்க வேண்டும். கிடங்கில் 23 டிரெய்லர் நிற்கவும் அவற்றை இழுத்துப் போட ஒரு யார்டு வண்டி சுற்றவும் இடம் வேண்டும். கழற்றிய டிரெய்லரின் கால்கள் தார்த் தரையில் புதையாமல் இருக்கக் கான்கிரீட் பட்டையோ தடித்த பலகையோ வேண்டும். இந்தக் கடைசியை நான் வெயில் காலத்தில் கற்றுக்கொண்டேன்.

இனி, கப்பலைத் தவறவிடும் விஷயம். 120 பெட்டியும் ஒரே அவசரத்தில் இருப்பதாக நினைத்து ஓட்டுவதுதான் இங்கே முதல் தவறு. ஏற்றுமதிப் பெட்டிக்கு மட்டுமே தவறினால் கப்பல் போய்விடும் கடைசி நேரம் உண்டு, அதுவும் ஒன்றல்ல. ஆவணங்களுக்கு ஒன்று, எடை அறிவிப்புக்கு ஒன்று, குளிர்ப்பெட்டிக்கும் ஆபத்தான சரக்குக்கும் தனித்தனியே, கடைசியாகக் கேட்டுக்கு. 2016 ஜூலை 1 முதல், கடலில் உயிர்ப் பாதுகாப்புக்கான சர்வதேச உடன்படிக்கையான சோலாஸின்படி, சரிபார்த்த மொத்த எடை அறிவிக்கப்படாத சுமைப்பெட்டியைக் கப்பலில் ஏற்றக் கூடாது. நிரப்பிய பெட்டியை முழுசாக எடை போடலாம். அல்லது உள்ளே வைத்த எல்லாவற்றையும் எடை போட்டு, கதவில் எழுதியிருக்கும் காலிப் பெட்டி எடையைக் கூட்டலாம். லாரி நேரத்துக்குப் போய்ச் சேர்ந்து, எடை அறிவிப்பு இல்லாமல் பெட்டி கரையிலேயே கிடந்ததை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். நிறுவனத்தின் போக்குவரத்துப் பிரிவு அதை லாரித் தாமதமாகவே எழுதிக்கொள்ளும். உங்கள் இரண்டு நாள் தவறுகளில் எத்தனை உண்மையிலேயே லாரியால் நேர்ந்தவை என்று பிரித்துப் பார்த்தீர்களா?

ஒவ்வொரு ஏற்றுமதிப் பெட்டிக்கும் பின்னாலிருந்து எண்ணுங்கள். கேட் மூடும் நேரத்திலிருந்து மோசமான நாளின் வரிசை நேரத்தைக் கழியுங்கள், சாலை நேரத்தைக் கழியுங்கள், டிரெய்லர் மாட்டும் நேரத்தைக் கழியுங்கள். மிஞ்சுவது அந்தப் பெட்டி கிடங்கை விட்டுக் கிளம்பியாக வேண்டிய கடைசி நிமிடம். இப்போதிலிருந்து அந்த நிமிடம் வரை எவ்வளவு அவகாசம் இருக்கிறது என்ற வரிசையில் பட்டியல் இருக்கட்டும். யார் அதிகச் சத்தத்தோடு தொலைபேசுகிறார் என்ற வரிசையில் வேண்டாம். அனுப்பும் மேசையில் பெரும்பாலும் நடப்பது இரண்டாவதுதான். முன்கூட்டிக் கொண்டுபோய்க் குவிப்பதும் உதவாது. முனையம் ஒவ்வொரு கப்பலுக்கும் பெட்டி வாங்கத் தொடங்கும் நேரம் ஒன்று வைத்திருக்கும்; அதற்கு முன் போனால் திருப்பி அனுப்புவார்கள், அல்லது வாடகை போடுவார்கள்.

அந்த நேரங்களும் நிலையானவை அல்ல. ஒரு முறை எங்கள் 34 பெட்டிகளுக்கான கேட் நேரத்தை ஆறு மணி நேரம் முன்னே இழுத்தார்கள். அறிவிப்பு மின்னஞ்சலில் வந்தது, மாலையில் வீட்டுக்குப் போய்விட்ட ஒருவரின் பெயருக்கு. 11 பெட்டிகள் கரையில் நின்றன. குற்றம் அறிவிப்பை அனுப்பியவர்களுடையது என்று நாங்கள் ஒரு மாதம் கடிதம் எழுதினோம்; அவர்கள் விதியைக் காட்டினார்கள், விதி அவர்கள் பக்கம் இருந்தது. அதன் பிறகு ஒவ்வொரு ஷிஃப்டிலும் இரண்டு முறை கப்பல் அட்டவணையைத் திறந்து பார்ப்பது ஒரே ஒருவருடைய பெயரில் எழுதிய வேலையாயிற்று. ‘எல்லோரும் பார்த்துக்கொள்ளுங்கள்’ என்றிருந்தவரை ஒருவரும் பார்த்ததில்லை. கப்பல்கள் தள்ளிப் போவதற்குக் காரணம் உங்கள் துறைமுகத்திலேயே இருக்க வேண்டும் என்பதும் இல்லை. 2021 மார்ச் 23 அன்று 400 மீட்டர் நீளமுள்ள ‘எவர் கிவன்’ சூயஸ் கால்வாயில் குறுக்கே சிக்கி ஆறு நாள் வழியை அடைத்தது. கால்வாய் திறந்ததும் தேங்கி நின்ற கப்பல்கள் கூட்டமாக நகரத் தொடங்கின. அந்தக் கூட்டம் போய்ச் சேர்ந்த துறைமுகங்களில் வாரத் திட்டம் போட்டு வைத்திருந்த லாரிக்காரரின் நிலையை நினைத்துப் பாருங்கள்.

இறக்குமதிப் பக்கம் வேறு மாதிரி. பெட்டி கப்பலிலிருந்து இறங்கிவிட்டது என்றால் எடுக்கலாம் என்று பொருளல்ல. சுங்க அனுமதி, பெட்டியை ஒப்படைக்கச் சொல்லும் கப்பல் நிறுவனத்தின் டெலிவரி ஆர்டர், கட்டண பாக்கி மூன்றும் முடிந்திருக்க வேண்டும். அதன் பிறகும் உங்கள் பெட்டி ஐந்தடுக்கின் அடியில் இருந்தால் மேலே உள்ள நான்கையும் கிரேன் நகர்த்தினால்தான் கிடைக்கும். நாளைக்கு இத்தனை பெட்டி எடுப்பவர் நீங்கள் என்பதால் முனையத்திடம் ஒன்று கேட்கலாம்: உங்கள் பெட்டிகளை மட்டும் தனியே ஓர் அடுக்காக வைத்து, வரும் லாரிக்கு எண் பார்க்காமல் மேலே இருப்பதைக் கொடுத்துவிடச் சொல்லுங்கள். தோண்டும் வேலை இல்லாததால் அவர்களுக்கும் லாபம். ஆனால் அந்த அடுக்கில் உள்ள அத்தனை பெட்டிக்கும் ஒரே நேரத்தில் அனுமதி முடிந்திருக்க வேண்டும். ஒன்று நிலுவையில் இருந்தாலும் ஏற்பாடு முறிந்துவிடும். எல்லா முனையமும் ஒப்புக்கொள்ளாது. கேட்காதவர்களுக்குக் கிடைப்பதே இல்லை.

இறக்குமதிக்கும் கடிகாரம் உண்டு, ஆனால் அது கப்பலைப் போல விட்டுவிட்டுப் போகாது, பணம் மட்டும் கேட்கும். இலவச நாட்கள் முடிந்தபின் முனையத்துக்குள் கிடக்கும் பெட்டிக்கு டெமரேஜ். வெளியே எடுத்துப்போய்க் காலியாகத் திருப்பாமல் வைத்திருக்கும் பெட்டிக்கு டிடென்ஷன். சில ஒப்பந்தங்களில் இரண்டையும் சேர்த்து ஒரே கணக்காக வைப்பார்கள், உங்களுடையதைப் படித்துப் பாருங்கள். நெருக்கடி நாளில் இந்த வேறுபாடு கைகொடுக்கும். நான்கு நாள் இலவசம் மிச்சமிருக்கும் இறக்குமதிப் பெட்டியை இன்று விட்டுவிட்டு, அந்த லாரியை இன்றிரவு கப்பலேற வேண்டிய பெட்டிக்குத் திருப்பினால் யாருக்கும் நட்டமில்லை.

காலிப் பெட்டிகளில் கொஞ்சம் மிச்சம் பிடிக்கலாம். இறக்குமதியில் வந்து காலியான பெட்டியைத் திருப்பாமல் அதிலேயே ஏற்றுமதிச் சரக்கை நிரப்பினால் இரண்டு பயணம் மிச்சம். அதே கப்பல் நிறுவனத்தின் பெட்டியாக, தேவையான வகையாக, ஓட்டை ஈரம் இல்லாததாக இருக்க வேண்டும். நிறுவனத்தின் அனுமதி எழுத்தில் வேண்டும். வாய்மொழியில் நம்பி நிரப்பினால் பின்னால் வரும் சேதக் கணக்கு உங்கள் தலையில் விழும். இரண்டு 20 அடிப் பெட்டியை ஒரே டிரெய்லரில் ஏற்றலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். பல 20 அடிப் பெட்டிகளின் கதவிலும் 40 அடிப் பெட்டிகளைப் போலவே மொத்த எடை வரம்பு 30,480 கிலோ என்றுதான் எழுதியிருக்கும். இரண்டும் நிறைந்திருந்தால் பெரும்பாலான நாடுகளின் சாலை விதியில் நிற்காது. இலேசான சரக்கானால் சரி, அப்போதும் இரண்டு பெட்டியும் ஒரே நேரத்தில் தயாராக இருக்க வேண்டும் என்ற புதுத் தலைவலி கூட வரும்.

உறுதியாகச் சொல்ல முடியாத சிலவற்றையும் சொல்லிவிடுகிறேன். முனையத்துக்கு அருகில் ஓர் இடைநிலை யார்டு எடுத்து இரவில் பெட்டிகளை இழுத்து வைப்பது சிலருக்கு உயிர் காத்திருக்கிறது, சிலரை மூழ்கடித்திருக்கிறது. டிரெய்லரோடு நிறுத்த முடியாமல் இறக்கி ஏற்றினால் பெட்டிக்கு இரண்டு தூக்குக் கூலி கூடும். முனையத்தில் ஆகும் நேரம் நாளுக்கு நாள் பெரிதாக ஆடினால்தான் அந்தக் கூலி திரும்பி வரும். உங்கள் இரண்டு வாரப் பதிவைப் பார்க்காமல் நான் பக்கம் சாய மாட்டேன். முன்பதிவு நேர முறையும் அப்படித்தான். நேரத்தைத் தவறவிட்ட லாரியைச் சற்றுப் பொறுத்து உள்ளே விடும் முனையத்தில் அது வரிசையைக் குறைக்கிறது, திருப்பி அனுப்பும் முனையத்தில் வரிசையைக் கேட்டிலிருந்து பக்கத்துச் சாலைக்கு மாற்றுகிறது. ஷிஃப்டை நீட்டலாம் என்ற யோசனைக்கு மட்டும் நேராகவே வேண்டாம் என்பேன். ஓட்டுநர் நேரத்துக்குச் சட்ட வரம்புள்ள நாடுகளில் காத்திருப்பும் அதைத் தின்கிறது. அமெரிக்க விதியில் பணி தொடங்கியதிலிருந்து 14 மணி நேரத்துக்குள்தான் 11 மணி நேரம் ஓட்டலாம். வரிசையில் நின்ற நேரத்துக்காக அந்த 14 நீளாது. சட்டம் இல்லாத இடத்திலும் தூக்கம் வரும்.

மென்பொருள் பற்றி. வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒருவர் 20, 25 லாரிகள் வரைக்கும் தலையிலேயே வைத்து ஓட்டிவிடுவார் என்பது என் அனுபவம். 40-இல் அவர் திட்டமிடுவதை நிறுத்திவிட்டுத் தொலைபேசிக்குப் பதில் சொல்பவராக மாறிவிடுகிறார். அங்கே திரை உதவும். ஆனால் வண்டி எங்கே நிற்கிறது என்று காட்டும் திரை, ஏன் நிற்கிறது என்று சொல்லாது. முதலில் மேசையை இரண்டாகப் பிரியுங்கள்: ஒருவர் இன்றைய வண்டிகளை ஓட்டட்டும், இன்னொருவர் நாளைய பெட்டிகளின் அனுமதி, எடை அறிவிப்பு, எண் மூன்றையும் சரிபார்க்கட்டும். எண்ணில் பிழை வராமலிருக்க ஒரு சின்ன வேலை போதும். பெட்டி எண்ணில் நான்கு எழுத்து, ஆறு இலக்கம், கடைசியில் முந்தைய பத்திலிருந்தும் கணக்கிட்ட ஒரு சரிபார்ப்பு இலக்கம். இரண்டு இலக்கம் இடம் மாறினால் அநேகமாக அது காட்டிக்கொடுத்துவிடும். சாதாரண விரிதாளில் ஒரு சூத்திரமாக இதைப் போட்டுவிடலாம். தவறான எண்ணோடு கேட்டுக்குப் போன லாரி அரை நாளைத் தின்றுவிட்டுத்தான் திரும்பும்.

இப்போதைக்கு 12 டிரெய்லரும் வேண்டாம். வாடகைக்கு நான்கை எடுங்கள், ஒரே வகைச் சரக்கு வரும் இரண்டு வாசல்களில் மட்டும் கழற்றி மாட்டும் முறையை மூன்று வாரம் நடத்துங்கள், மற்ற வாசல்கள் பழையபடியே ஓடட்டும். ஒரே வாரத்தில் இரண்டு முறையின் நேரமும் பக்கத்துப் பக்கத்தில் கிடைக்கும். டிரெய்லரை எடுக்கப் போகிறவரிடம் நான்கு மூலையிலும் உள்ள, பெட்டியை டிரெய்லரோடு பூட்டும் ட்விஸ்ட் லாக்கை ஒவ்வொன்றாகக் கையால் திருப்பிப் பார்க்கச் சொல்லுங்கள். வாடகை டிரெய்லரில் ஒன்றாவது துருப்பிடித்துத் திரும்பாமல் இருக்கும், அது கிரேனுக்கு அடியில் போய் நின்ற பிறகுதான் தெரியவரும்.